முதல் காற்று, பிறகு மண்ணெண்ணெய்

"மாமா, உதுக்குத் திறப்பு எங்க போடுறது?"

கேட்டவன் என் அக்காவின் மகன். உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கிறான். அவனுடைய கைபேசியில் பழைய பயிற்சி ஜெற் விமானம் ஒன்றின் விமானி அறைப் படம் இருந்தது. பலகை முழுக்க வட்ட வட்டமாக மீற்றர்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல ஒரு திறப்பு ஓட்டையைத் தேடிக் களைத்துப்போய்த்தான் என்னிடம் வந்திருக்கிறான்.

திறப்பு இல்லை. பற்றறிக்கு ஒரு சுவிட்ச், எரிபொருள் பம்புக்கு ஒன்று, ஸ்ரார்ட்டருக்கு ஒரு பொத்தான், இடது கைப் பக்கம் ஒரு நெம்புகோல். அவ்வளவுதான். ஆனால் அவற்றை எந்த ஒழுங்கில், எத்தனை விநாடி இடைவெளியில் தொடுகிறார்கள் என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சிப் பக்கம் உழவு மிசினும் வோட்டர் பம்பும் திருத்துகிறவன். ஜெற் எஞ்சின் ஒன்றில் கை வைத்ததில்லை. பழைய பயிற்சி விமானங்களின் விமானிக் கைநூல்கள் இப்போது யாரும் வாசிக்கக் கிடைக்கின்றன. அவற்றை வருடக்கணக்காக வாசித்து வருகிறேன். ஏன் இந்த ஆசை என்று மனைவி கேட்பாள். வன்னியில் என் வயதுக்காரர் எல்லோருக்கும் அந்தச் சத்தங்கள் காதில் ஏறிக் கிடக்கின்றன. பங்கருக்குள் குந்தியிருந்தபடி சத்தத்தை வைத்தே பெயர் சொல்லுவோம்: சகடை, சியாமாசெட்டி, புக்காரா, கிபிர். இதில் வேடிக்கை, சியாமாசெட்டி என்று நாங்கள் கூப்பிட்ட இத்தாலிய விமானம் பயிற்சிக்கென்றே செய்யப்பட்டது. ஜெற் அல்ல, காற்றாடி வைத்தது. புக்காராவிலும் காற்றாடிதான், ஆனால் அதைச் சுழற்றுவது ஜெற்றின் சகோதரமான டர்பைன். கிபிர்தான் சுத்த ஜெற். பெயர் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அந்தச் சத்தத்தை எது போடுகிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

இந்த நாட்டுக்கு ஜெற் வந்ததே பயிற்சி விமானமாகத்தான். 1959இல் அப்போதைய இலங்கை வான்படைக்குப் பிரித்தானியாவிலிருந்து ஜெற் புரோவொஸ்ட் விமானங்கள் 12 வந்தன. பயிற்சிக்கென்று வாங்கியவையே 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது ஆயுதம் பூட்டிப் பறந்தன. இப்போதைய பயிற்சி ஜெற் சீனத் தயாரிப்பான கே-8. அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேலாக மாணவர்களைப் பழக்கிய ரி-37 என்ற சின்ன விமானத்தையும் இடையிடையே இழுப்பேன். ஏனென்றால் ஜெற் எஞ்சினின் குணத்தை அதைப்போல அப்பட்டமாகக் காட்டும் விமானம் வேறு இல்லை.

ஜாம் போத்தல் விளக்கு

போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி விளக்கத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். போத்தலின் அடியில் பஞ்சு, அதில் நாலைந்து கரண்டி மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பின் வால்கட்டைக்குள் நூல்திரி கோத்து, ஒரு கம்பியால் போத்தலின் வாயில் தொங்கவிடுவோம். சுடர் போத்தலுக்குள்ளேயே நின்று எரியும். வெளியே வாடைக்காற்று அடித்தாலும் அணையாது. போத்தலுக்குள் அமைதியான ஒரு சின்னக் காற்று இருக்கிறதே, சுடர் அதில் ஒதுங்கி நிற்கிறது.

ஜெற் எஞ்சினின் நடு வயிற்றில் இருப்பதும் அதுதான். எரிபொருளும் அதே மண்ணெண்ணெய்தான். சுத்திகரித்து, தண்ணீர் நீக்கி, உயரத்துக் குளிரில் உறையாதபடி தயார்செய்த மண்ணெண்ணெய். ஜெற் ஏ-1 என்ற வகை சுழியத்துக்குக் கீழே 47 பாகை வரை உறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்கு ஒரு போத்தல் கிடைக்காமல் வரிசையில் நின்ற சாமானைத்தான் தலைக்கு மேலே பறந்தவன் எரித்துக்கொண்டு போனான் என்று மருமகனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

எஞ்சினின் வேலை இப்படி நடக்கிறது. முன்வாய் காற்றை உறிஞ்சுகிறது. அடுத்து கொம்பிரசர், ரயர்க் கடையில் இருக்கிற அதே பெயர், அதே வேலை. ஆனால் உருளையும் பிஸ்ரனும் இல்லை, சுழலும் தகடுகள்தான் காற்றை அமுக்கிப் பின்னால் தள்ளுகின்றன. அமுங்கிய காற்று எரியறைக்குள் போகிறது. அங்கே மண்ணெண்ணெய் பனித்துளியாக விசிறப்பட்டு எரிகிறது. சூடேறி விரிந்த வாயு பின்னால் பாயும் வழியில் டர்பைன் என்ற இன்னொரு தகட்டுச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரமும் முன்னாலிருக்கும் கொம்பிரசரும் ஒரே தண்டில் பூட்டியவை. ஆக, பின்னால் போகும் வாயுவே முன்னால் வரும் காற்றையும் இழுத்துக் கொடுக்கிறது. மிச்ச வாயு குழாய் வழியே வேகமாக வெளியேற, விமானம் முன்னால் தள்ளப்படுகிறது.

உழவு மிசின் எஞ்சினில் உறிஞ்சுவது, அமுக்குவது, எரிப்பது, துப்புவது எல்லாம் ஒரே உருளைக்குள் ஒன்றுக்குப்பின் ஒன்றாக நடக்கும். அதனால்தான் 'டக் டக்' என்று தட்டுகிறது. ஜெற்றில் நாலும் நாலு இடத்தில் ஒரே நேரத்தில், இடைவிடாமல். அதனால்தான் கூவுகிறது. ரி-37இன் கூவல் காது கிழிக்கும் அளவு. அதன் எடை ஏறக்குறைய 6,000 இறாத்தல். ஆகவே அதற்கு '6,000 இறாத்தல் நாய் விசில்' என்று பட்டம் வைத்தார்கள்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும் எல்லாவற்றுக்கும் அதுவே திறப்பு. எரியறையில் சுடரின் நடு வெப்பம் 2,000 பாகை செல்சியசுக்குக் கிட்ட வரும். டர்பைன் தகடு செய்த நிக்கல் கலப்புலோகம் அதற்கு வெகு முன்னரே உருகிவிடும். அப்படியானால் எப்படித் தப்புகிறது? உள்ளே வரும் காற்றில் ஏறக்குறைய கால்வாசிதான் எரிவதற்குப் போகிறது. மிச்சமெல்லாம் சுடரைச் சுற்றி ஓடி, அதனோடு கலந்து, சூட்டைத் தணித்துத்தான் டர்பைனுக்கு அனுப்புகிறது. எரிப்பதைவிட ஆற்றுவதற்குத்தான் காற்று கூடத் தேவை. காற்று குறைந்து எண்ணெய் கூடினால், எஞ்சின் தன் தகடுகளைத் தானே உருக்கத் தொடங்கிவிடும்.

திறப்பு இல்லாமல் ஸ்ரார்ட் செய்வது

தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளையும் வோட்டர் பம்பையும் மண்ணெண்ணெயில்தானே ஓட்டினோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. ஒரு சின்னப் போத்தலில் சொட்டுப் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் பீச்சி, உதைத்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எனக்குப் பதினாலு வயதிருக்கும். தோட்டத்து வோட்டர் பம் பிடிக்கவில்லை என்ற அவதியில் மூன்றாந்தரம், நாலாந்தரம் என்று பீச்சிக்கொண்டே போனேன். ஐந்தாவது இழுவைக்குப் பற்றியது. எஞ்சினுக்குள் அல்ல, வெளியே. புருவம் இரண்டும் பொசுங்கிப் போயின. அம்மா நல்லெண்ணெய் தடவியபடியே ஏசினது இன்னும் ஞாபகம்.

பயிற்சி விமானியின் முதல் பாடம் ஏறக்குறைய இதே பாடம்தான், தொகைதான் பெரிது.

ஏறுவதற்கு முன் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். முன்வாய்க்குள் கல், துணி, ஆணி ஏதும் கிடக்கிறதா? பின்குழாய்க்குள் எண்ணெய் தேங்கியிருக்கிறதா? காற்று எந்தப் பக்கம்? இந்தக் கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் முக்கியம். சோளகக் காற்று பலமாக அடிக்கும்போது பின்பக்கத்தைத் தென்மேற்குக்குக் காட்டிக்கொண்டு ஸ்ரார்ட் செய்தால், வெளியேற வேண்டிய வாயுவைக் காற்று திரும்ப உள்ளே தள்ளும். சூடு எகிறும். ஆகவே மூக்கைக் காற்றுக்குக் காட்டித்தான் நிறுத்துவார்கள்.

பிறகு உள்ளே. பற்றறி போடு. எரிபொருள் பம் போடு. ஸ்ரார்ட்டர் பொத்தானை அமுக்கு. மின் மோட்டார் ஒன்று கொம்பிரசரைச் சுழற்றத் தொடங்கும். மெல்லிய முனகல், கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இந்த நேரத்தில் எண்ணெய் இல்லை, நெருப்பு இல்லை, வெறும் காற்றுத்தான் எஞ்சினுக்குள் ஓடுகிறது. சுற்று மானியில் முள் 10 சதவீதத்தைத் தாண்டுமட்டும் காத்திருக்க வேண்டும். சில எஞ்சினில் இன்னும் கூட. அதன் பிறகுதான் தீப்பொறியும் எண்ணெயும்.

இப்போது விமானியின் கண் ஒரே ஒரு மீற்றரில்தான் இருக்க வேண்டும். பின்குழாய் வாயுவின் வெப்பத்தைக் காட்டும் மீற்றர் அது, விமானிகள் ஈ.ஜி.ரீ. என்பார்கள். சில விநாடிகளில் 'பொம்' என்று அடங்கிய ஒரு சத்தம், முள் துள்ளும். பற்றிவிட்டது. முள் ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, திரும்ப இறங்கி நிலைக்க வேண்டும். சுற்றும் கூடவே ஏற வேண்டும். ஒரு கட்டத்தில் டர்பைன் தன் காலில் நிற்கத் தொடங்கும், ஸ்ரார்ட்டர் விலகிக்கொள்ளும். தீப்பொறியும் ஓய்ந்துவிடும். பெற்றோல் எஞ்சின்போல ஒவ்வொரு சுற்றுக்கும் பிளக் பொறி தட்ட வேண்டியதில்லை. ஒருமுறை பற்றினால் ஜாம் போத்தல் சுடர்போலத் தானே நிற்கும். சும்மா ஓடும் நிலைக்கு வர அரை நிமிடம் அளவு பிடிக்கும். பழைய எஞ்சின்களில் அந்த நிலை முழுச் சுற்றின் 40 சதவீதத்துக்குக் கிட்ட. புதியவற்றில் 50, 60.

பிழையாகிப் போகும் விதங்கள் மூன்று.

எண்ணெய் போகிறது, பற்றவில்லை. இது என் வோட்டர் பம்பின் கதை. முள் அசையாவிட்டால் பத்து, பதினைந்து விநாடிக்குள் எண்ணெயை மூடிவிட வேண்டும். உடனே இன்னொருதரம் முயலக் கூடாது. தேங்கிய எண்ணெய் வடிய விட்டு, வெறும் காற்றை ஓட்டிக் கழுவிய பிறகுதான் அடுத்த முயற்சி. பொறுக்காமல் அமுக்கினவனுக்குப் பின்குழாயிலிருந்து பல அடி நீளத்துக்குத் தீ நாக்கு நீளும்.

இரண்டாவது, பற்றிவிட்டது, ஆனால் சூடு நிற்காமல் ஏறுகிறது. பற்றறி இளைத்திருந்தால் இப்படி ஆகும். ஸ்ரார்ட்டர் சோர்ந்து சுற்ற, காற்று போதாமல் போகும். எண்ணெய் மட்டும் வழமைபோல வரும். முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருப்பவன் விமானி அல்ல. கோட்டை நோக்கி அது ஓடும் வேகத்தைப் பார்த்தே நெம்புகோலை மூடுகிறவன்தான் தேறுவான். இரண்டு விநாடி பிந்தினால் டர்பைன் தகடுகள் போய்விடும். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஞ்சினைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இதனால்தான் தளங்களில் விமானத்தின் பற்றறியை நம்பாமல் வெளி மின்வண்டி ஒன்றைக் கொண்டுவந்து பூட்டுகிறார்கள். எங்கள் ஊரில் லொறியின் பற்றறியிலிருந்து வயர் இழுத்து உழவு மிசினை ஸ்ரார்ட் செய்வதுபோல.

மூன்றாவது, பற்றியது, சுற்று ஏறாமல் நடுவழியில் நின்றுவிட்டது. ஓடுகிறதுமில்லை, நிற்கிறதுமில்லை. இதிலும் சூடு மெல்ல ஏறும். இதிலும் மூடுவதுதான் வழி.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: காற்று, எண்ணெய், நெருப்பு மூன்றின் ஒழுங்கு தவறிவிட்டது. கே-8இல் உள்ளதுபோன்ற எஞ்சின்களில் ஒரு கணினிப் பெட்டி எண்ணெயை அளந்து விடுகிறது. ஆனாலும் மாணவன் கையை நெம்புகோலில் வைத்து, கண்ணை முள்ளில் வைத்துத்தான் இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்காகத்தானே பயிற்சி.

துருசு திறந்தால் தண்ணீர் உடனே வராது

மருமகன் எம்.டி. நைன்ரி மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவன். பிடியை முறுக்கினால் வண்டி பாயும் என்பது அவன் அறிவு. ஜெற்றில் அப்படி இல்லை என்றதும் நம்பவில்லை.

"அப்ப பிளேன் எப்பிடி மாமா அவ்வளவு வேகமாப் போகுது?"

"போகும் தம்பி, ஆனால் நீ கேட்ட உடன போகாது."

இரணைமடுக் குளத்தில் துருசை, அதாவது மதகை, திறக்கிறார்கள் என்று வையுங்கள். திறந்த கையோடு கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுமா? வாய்க்கால் நிரம்ப வேண்டும், கிளை வாய்க்கால் நிரம்ப வேண்டும். கடைசி வயல்காரன் வரம்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்துக்கொண்டே நிற்பான். ஜெற்றின் நெம்புகோலும் அப்படித்தான். அதை முன்னால் தள்ளினால் எண்ணெய் கூடும். எண்ணெய் கூட வாயு சூடேறும், டர்பைன் வேகம் எடுக்கும், அது கொம்பிரசரை இழுக்கும், காற்று கூடும், அதற்கேற்ப இன்னும் எண்ணெய் விடலாம். ஒன்றின் தோளில் ஒன்று ஏறி மேலே வர வேண்டும். கனமான உலோகச் சக்கரம். பழைய எஞ்சின்களில் சும்மா ஓடும் நிலையிலிருந்து முழு வலுவுக்கு வரப் பத்து விநாடி அளவும் போகும். தரை இறங்கும் நேரத்தில் பத்து விநாடி என்பது ஒரு யுகம்.

போதாக்குறைக்கு, சுற்றும் தள்ளுவிசையும் ஒரே அளவில் ஏறுவதில்லை. 50 சதவீதச் சுற்றில் பாதி வலு கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள், கிடைப்பது சொற்பம். 85 சதவீதத்தை நெருங்கும்போதுதான் பாதியைத் தொடும். மிச்சப் பாதி முழுக்க அந்தக் கடைசிப் பதினைந்து சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கே-8 எஞ்சினின் வேகமான தண்டு முழு வேகத்தில் நிமிடத்துக்கு 30,000 சுற்றை நெருங்கும். எங்கள் லாண்ட்மாஸ்ரர் உழவு மிசினின் எஞ்சின் 2,000 சொச்சத்திலேயே நடுங்குகிறது.

இதனால் விமானிகள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். இறங்கும்போது நெம்புகோலை முழுக்க இழுத்து எஞ்சினைத் தூங்க விடமாட்டார்கள். சக்கரம், இறக்கையின் மடிப்புத் தகடு, வேகத்தடை எல்லாவற்றையும் விரித்துக் காற்றின் எதிர்ப்பைக் கூட்டிக்கொண்டு, எஞ்சினை நடு வேகத்தில் விழிப்பாக வைத்து இறங்குவார்கள். ஓடுபாதையில் ஒரு மாடு நின்றால்கூட உடனே வலு எடுத்து எழும்பலாம்.

ரி-37இல் இதற்குச் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பின்குழாயின் வாசலில் கையளவுத் தகடு ஒன்று. இறங்கும்போது அது நீண்டு, வெளியேறும் வாயுவின் குறுக்கே நிற்கும். எஞ்சின் வேகமாகவே சுற்றும், ஆனால் தள்ளுவிசை வீணாகும். திரும்ப எழும்ப வேண்டுமென்றால் எஞ்சின் வேகம் எடுக்கக் காத்திருக்கத் தேவையில்லை. தகட்டை மடக்கினால் போதும். கடைசி வயலுக்குத் தண்ணீர் பிந்துகிறது என்று, வாய்க்காலை எப்போதும் நிறைத்தே வைத்து மடையில் மட்டும் ஒரு பலகை சொருகுவதுபோல. வீண்செலவுதான். ஆனால் முதல்தரம் தனியே இறங்குகிற பிள்ளையின் உயிரோடு ஒப்பிட்டால் அந்த மண்ணெண்ணெய் மலிவு.

அவசரப்பட்டு நெம்புகோலை ஒரே தள்ளாகத் தள்ளினால் என்ன ஆகும்? கொம்பிரசர் என்பது காற்றை மேட்டுக்கு ஏற்றுகிற வேலை. நெல்மூட்டை ஏற்றிய வண்டிலைக் குளக்கட்டில் தள்ளி ஏற்றுகிறவன் ஒரு கணம் பிடி தளர்த்தினால் வண்டில் அவன் மேலேயே உருளும். தகடுகளும் அப்படிப் பிடி தவறினால், அமுங்கிய காற்று முன்பக்கமாகவே பீறிட்டுத் திரும்பும். 'டமார்' என்று பீரங்கிச் சத்தம், சில வேளை முன்வாயிலேயே நெருப்பு, கூடவே சூடு எகிறும். மருந்து, மனிதப் புத்திக்கு எதிரானது: வலு வேண்டும் என்ற நேரத்தில் நெம்புகோலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மூக்கைத் தாழ்த்தி, காற்று நேராக உள்ளே வர விட்டு, பிறகு ஆறுதலாகத் தள்ள வேண்டும். பிந்திய எஞ்சின்களில் எண்ணெயை அளந்து விடும் கருவியே இந்த அவசரத்தைத் தடுத்துவிடுகிறது. ஆனால் உயரத்தில் காற்று மெலிந்த இடத்திலும், சடுதியாக வளைத்துத் திருப்பும்போதும் ஆபத்து முழுக்க ஒழிந்ததாகச் சொல்ல முடியாது.

சுடர் அணைந்தால்

சில நேரம் சுடர் அணைந்தும் விடும். எண்ணெயோட்டம் அறுந்திருக்கலாம், தலைகீழாகப் பறக்கும் பயிற்சியில் சில விநாடிக்கு மேல் நீடித்திருக்கலாம், தொட்டியில் தண்ணீர் கலந்திருக்கலாம். முதலில் தெரிவது அமைதி. பழைய விமானிகள் எழுதுவதைப் பார்த்தால், அந்த அமைதிதான் எல்லா அலாரத்தையும்விடப் பெரிய அலாரம்.

ஜெற் புரோவொஸ்டுக்கும் கே-8க்கும் ஒரே ஒரு எஞ்சின்தான். ரி-37க்கு இரண்டு, ஒவ்வொன்றும் 1,025 இறாத்தல் தள்ளுவிசை. ஒற்றை எஞ்சின்காரன் அணைந்ததும் செய்வது, இருக்கிற வேகத்தைக் கொடுத்து உயரத்தைக் காப்பாற்றிக்கொள்வது. பிறகு விமானம் நழுவி இறங்க இறங்க, எதிர்க்காற்று முன்வாய்க்குள் புகுந்து கொம்பிரசரைச் சும்மா சுழற்றிக்கொண்டே இருக்கும். தரையில் ஸ்ரார்ட்டர் செய்த வேலையை இப்போது வானமே செய்கிறது. அந்தச் சுற்று போதுமான அளவு இருந்தால் தீப்பொறியைப் போட்டு எண்ணெயைத் திறக்கலாம். ஜெற் புரோவொஸ்டில் இதற்கென்றே ஒரு தனிப் பொத்தான் உண்டு. மிக உயரத்தில் காற்று மெலிதாக இருப்பதால் பற்றுவது கஷ்டம். கொஞ்சம் இறங்கி வந்துதான் முயல வேண்டும். மேலே இருக்கும்போது பொறுமை, கீழே வரவர அவசரம். இரண்டுக்கும் நடுவில் கைநூல் ஓர் உயரத்தைக் குறித்து வைத்திருக்கும். அதற்குக் கீழே வந்தும் பற்றாவிட்டால் முயற்சியை நிறுத்திவிட்டு இருக்கையோடு வெளியே பாய வேண்டும்.

எஞ்சின்களைப் பற்றிப் பேசும்போது ஒரு கிளைக்கதை சொல்லாமல் விட மனமில்லை. ஜெற் புரோவொஸ்டின் எஞ்சின் பெயர் வைப்பர். ஜிண்டிவிக் என்ற ஆளில்லா இலக்கு விமானத்துக்காகப் பிறந்தது அது. சுட்டு விழுத்துவதற்கென்றே பறக்கவிடுகிற விமானம். ஆகவே எஞ்சினும் சில மணி நேரம் உழைத்தால் போதும் என்று மலிவாகச் செய்தார்கள். அதே வடிவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி நீடித்து உழைக்க வைத்து, பல நாட்டுப் பிள்ளைகள் பறக்கப் பழகிய எஞ்சினாக ஆக்கிவிட்டார்கள். இந்தியாவின் கிரண் பயிற்சி விமானத்தில் முதலில் இருந்ததும் வைப்பர்தான். சாகப் பிறந்தது வாத்தியார் ஆன கதை.

கல்லும் கொக்கும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெற் எஞ்சின் முன்னால் இருப்பதையெல்லாம் உறிஞ்சும். விரல்நகம் அளவுக் கல் போதும், ஒரு தகட்டின் விளிம்பு சிராய்ந்தால் அதிலிருந்து வெடிப்பு ஓடும். அதனால்தான் தளங்களில் ஆட்கள் வரிசையாக நடந்து குனிந்து கல் பொறுக்குகிறார்கள். ரி-37 தரையோடு ஒட்டினதுபோல நிற்கும் விமானம். எனவே சக்கரம் கீழே இருக்கும்போது முன்வாயை மூடுகிற வலை ஒன்றை அதற்குப் பூட்டியிருந்தார்கள். பறவைக்கு வலை போட முடியாது. வயல் உழும் காலத்தில் உழவு மிசினின் பின்னால் எத்தனை கொக்கு இறங்கும் என்று வன்னிக்காரருக்குத் தெரியும். அப்படி ஒரு கூட்டத்துக்குள் ஒற்றை எஞ்சின் விமானம் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வெக்கையும் ஒரு பாரம். பங்குனி, சித்திரை நண்பகலில் காற்று விரிந்து மெலிந்து கிடக்கும். முன்வாய்க்குள் போவது அதே கனஅளவு, ஆனால் அதற்குள் காற்றின் எடை குறைவு. தள்ளுவிசை குறையும், சூடு கூடும், ஓடுபாதை கூட வேண்டும். கே-8 எஞ்சின் முழு வலுவில் 3,600 இறாத்தல் தள்ளும் என்று புத்தகம் சொல்வது 15 பாகைக் குளிரில், கடல் மட்டத்தில். 15 பாகையை வன்னி எந்த நாளில் கண்டது?

நிறுத்துவது

பறந்து வந்து நின்றதும் உடனே எண்ணெயை மூடமாட்டார்கள். ஓரிரு நிமிடம் சும்மா ஓட விடுவார்கள். சூடான உறையும் சூடான சக்கரமும் ஒரே அளவில் ஆற வேண்டும். ஒன்று முந்திச் சுருங்கினால் தகட்டு நுனி உறையில் உரசும். ரேர்போ பூட்டிய லொறியை ஓடி வந்த கையோடு நிறுத்தாதே என்று நான் பெடியளுக்குச் சொல்லுகிறதும் இதற்குத்தான்.

பிறகு நெம்புகோலைக் கடைசிவரை இழுத்தால் சுடர் அணையும். சூடு சட்டென்று விழும், சுற்று விழாது. அந்தக் கூவல் கீழிறங்கி, முனகலாகி, தகடுகள் தனித்தனியாகச் சலசலக்கும் சத்தமாகி, ஒரு நிமிடம் அளவு ஓடி ஓயும். தரையில் நிற்கிற தொழினுட்பக்காரர் இந்த நேரத்தில் கதைக்கமாட்டார்கள். காது கொடுத்துக் கேட்பார்கள். உரசுகிற சத்தம் இருக்கிறதா, வழமையைவிட முந்தி நின்றுவிட்டதா என்று. மீற்றர் காட்டாத வருத்தத்தைக் காது பிடிக்கும்.

எஞ்சின் ஆறியதும் முன்வாய்க்கும் பின்குழாய்க்கும் சிவப்பு மூடி போடுவார்கள். வேகம் அளக்கும் சின்னக் குழாய்க்கும் தனியாக ஓர் உறை. இரவுக்கிடையில் குளவி மண் அப்பிக் கூடு கட்டிவிடும் என்பதற்காக. மருமகன் அந்தச் சிவப்பு மூடிப் படத்தை நிறைய நேரம் பார்த்தான். பிறகு முற்றத்தில் நின்ற எங்கள் லாண்ட்மாஸ்ரரைப் பார்த்தான். அதன் புகைக்குழாயில் அம்மா வழக்கம்போல ஒரு பால்பேணியைக் கவிழ்த்து வைத்திருந்தா.